டிவியில் நெளிந்த புழு

நீடாமங்கலத்தில் அந்த வாரம் யாருக்கும் கல்யாணம் இல்லை. ஆனாலும் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். "ஒரு சொட்டு ரத்தம் போதும்! உங்களுக்கும் உங்கள் மாட்டுக்கும் உள்ள அத்தனை கிருமியும் கண்ணெதிரே!" கீழே வெள்ளைக் கோட்டும் கூப்பிய கையுமாக டாக்டர் தமிழரசன். எதில் டாக்டர் என்று ஃபிளெக்ஸ் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சனம் எங்கே கேட்கும்? வரிசையில் நம்ம பகலவனும் நின்றார். அவரே கேட்கவில்லை.

பகலவன் யார் என்று சொல்லிவிட வேண்டும். ஊருக்குப் பேய் ஓட்ட வந்தவனையே ஓட்டியவர். புது வீட்டு வாசலில் திருஷ்டிப் பூசணி கட்டக்கூடாது என்று மச்சானோடு சண்டை போட்டார். இன்றுவரை இருவருக்கும் பேச்சு கிடையாது. மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டம் எங்கே நடந்தாலும் முதலில் மைக்கைப் பிடிப்பவர் அவர். கடைசியில் விடுபவரும் அவரே. மனைவி வேம்பு ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறாள் என்பதுதான் அவருடைய தீராத துயரம்.

குறுவை நடவுக்கு வெறுங்காலோடு சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. கெண்டைக்கால் கிள்ளி எடுத்தது. கண் சிவந்து, அப்புறம் மஞ்சளடித்தது. கொட்டகையில் பசு வேறு மாசம் நிறையுமுன்னே கன்றை வீசிவிட்டது.

"தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போவோங்க. ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லிடுவாங்க" என்றாள் வேம்பு.

"அங்க ரத்தத்தை எடுத்து எங்கயோ உள்ள கொண்டுபோயிடுறாங்க. என்ன பண்றாங்கன்னு நமக்குக் காட்டுறாங்களா? இங்க டிவியிலயே காட்டுறாரு. கண்ணால பார்த்துத்தான் நம்பணும் வேம்பு. அதுதான் அறிவியல்."

நூத்திமூணு டிகிரியிலும் சொற்பொழிவுக்குக் குறைச்சல் இல்லை.

மண்டப மேடையில், மணமக்கள் உட்காரும் இடத்தில் மைக்ராஸ்கோப். பக்கத்தில் பெரிய டிவி. தமிழரசன் விரலில் குத்துவார். சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவுவார். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் செருகுவார். டிவியில் புழுக்கள் நெளியும். மண்டபமே "ஐயய்யோ" என்று அலறும். அடுத்த மேசையில் ரத்தசுத்திச் சூரணம். மனுசனுக்குச் சின்ன டப்பா, மாட்டுக்குப் பெரிய டப்பா. உள்ளே ஒரே பொடிதான்.

பகலவன் முறை வந்தது. டிவியில் புழு.

"பார்த்தீங்களா ஐயா, எப்படி ஊறுதுன்னு! நல்லவேளை வந்தீங்க. ஆஸ்பத்திரி மருந்தைக் கையால தொடாதீங்க. ஒரு மண்டலம் சூரணம் சாப்பிடுங்க. ஒரு பூச்சி இருக்காது."

பகலவன் பெருமையோடு சனத்தைத் திரும்பிப் பார்த்தார். மற்றவர்களின் புழுவைவிடத் தன் புழு சுறுசுறுப்பாக இருப்பதாக அவருக்குப் பட்டது.

ஆட்டு வியாபாரி ஹபீப் முகம்மது மேடை ஓரத்தில் நின்றிருந்தார். சற்று முன்புதான் அவருடைய கிடாவின் காதில் குத்தி ரத்தம் பார்த்திருந்தார்கள்.

"டாக்டர் சார், இடது பக்கமா வால் வளைஞ்சு ஒருத்தன் போறானே, அவன் இப்பத்தானே என் கிடா ரத்தத்துல போனான்?"

"அதுதாங்க தொத்து. ஆட்டுலேருந்து ஆளுக்குப் பரவுது."

"வரிசையில நிக்கும்போதேவா?"

"பாய், அறிவியல்ல குறுக்கப் பேசாதீங்க!" என்று ஒரு அதட்டல். அதட்டியது தமிழரசன் இல்லை. நம்ம பகலவன்தான்.

அதற்குள், கூட வந்திருந்த வேம்பு மேடை ஏறிவிட்டாள். கண்ணாடித் துண்டை உருவினாள். முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "யம்மா, அதைத் தொடாதீங்க!" என்று தமிழரசன் பதறினார். டிவியில் புழுக்கள் பதறவில்லை. அவை பாட்டுக்கு நெளிந்துகொண்டிருந்தன.

"என்னங்க, உங்க ரத்தம் என் முந்தானையில இருக்கு. கண்ணாடி என் கையில இருக்கு. அப்ப அங்க நெளியுறது யாரு ரத்தம்?"

"அது ரத்தத்தோட அதிர்வும்மா. கொஞ்ச நேரம் நிக்கும்…" தமிழரசன் கோட்டுப் பட்டனைத் தடவினார்.

வால் வளைந்தவன் மறுபடியும் இடது பக்கம் வந்தான். ஹபீப் டிவிக்குப் பின்னால் கையை விட்டார். ஒரு பென் டிரைவைப் பிடுங்கினார். திரை இருண்டது.

"பூச்சியெல்லாம் இதுக்குள்ளதான் குடித்தனம் பண்ணுது!"

மண்டபம் சிரித்தது. அப்புறம் கத்தியது. அப்புறம் சூரண டப்பாக்கள் பறந்தன. இத்தனைக்கும் நடுவில் நம்ம பகுத்தறிவாளர் வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன தெரியுமா?

"கண்ணாடியை ஏன் துடைச்ச வேம்பு? இப்ப என் நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சொல்லிவிட்டு அப்படியே சரிந்தார்.

ஹபீப் ஆடு ஏற்றும் வண்டியிலேயே தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் கிடா அவர் வேட்டியை மென்றுகொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் குழாயில் ரத்தம் எடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். யாரும் எதையும் டிவியில் காட்டவில்லை. ஒரு தாள்தான் வந்தது. எலிக்காய்ச்சல்.

"எலி மூத்திரம், மாட்டு மூத்திரம் கலந்த தண்ணியில இந்தக் கிருமி இருக்கும். கால் வெடிப்பு வழியா ஏறியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "கிருமியோட சண்டை போட உங்க உடம்பு சிலதை உண்டாக்கி வச்சிருக்கு. ரத்தத்துல அதைத்தான் தேடிக் கண்டுபிடிச்சோம். கிட்னி லேசா அடி வாங்கியிருக்கு, மருந்துல சரியாயிடும். சூரணத்தைத் தின்னுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்கன்னா, இந்தம்மா வீட்டுக்குத் தனியாத்தான் போயிருப்பாங்க."

கால்நடை டாக்டர் பசுவின் ரத்தத்தையும் எடுத்து அனுப்பினார். அதிலும் அதே நோய்.

காய்ச்சல் இறங்கியதும் பகலவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஊருக்குப் போனதும் ஒரு கூட்டம் போடணும் வேம்பு. இந்தச் சனம் யோசிக்காம எதை வேணாலும் நம்புது."

கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்த வேம்பு நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தச் சனம்? நான் மாரியம்மனைச் சாமின்னு சொல்லித்தான் கும்பிடுறேன். நீங்க டிவியைக் கும்பிட்டுட்டு அறிவியல்னு சொன்னீங்க. கூட்டம் போடுங்க, வேணாங்கல. ஆனா சனத்தைப் பார்த்து 'யோசிங்க'ன்னு சொல்றதுக்கு முன்னாடி, 'நான் சொல்றதையும் சோதிச்சுப் பாருங்க'ன்னு ஆரம்பிங்க."