அமாவாசை வேனில் மைக் பிடித்தேன்

கவிதா, பிரபு, இரண்டு பேரும் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்கலாம். "சாப்டீங்களா" என்று கேட்கலாம். ஆனால் வேனில் ஏறி உட்கார்ந்திருப்பவரிடம் "நீங்க எதுக்கு வந்தீங்க" என்று மைக்கில் கேட்கக் கூடாது. இது நான் படித்துத் தெரிந்துகொண்டது அல்ல. (படிக்கிற ஆளாக இருந்தால் பத்தாவதோடு நின்றிருக்க மாட்டேன்.)

போன வாரம் கவிதா கல்லூரிப் பாடத்துக்காக, ஜனங்கள் எதற்கெல்லாம் டூர் போகிறார்கள் என்று என்னிடம் கேட்டாள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் சமையலறையிலிருந்து உங்கள் அம்மா சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பில் எனக்கு வாய் அடைத்துவிட்டது. அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் சிங்காநல்லூரில் ஒரு டிராவல்ஸில் வேன் கிளீனராக இருந்தேன். வெளியே சொல்லும்போது 'டூர் அசிஸ்டெண்ட்'. வண்டி கழுவுவதும், வாந்தி எடுப்பவர்களுக்கு எலுமிச்சம்பழம் நீட்டுவதும் என் இலாகா. அந்தச் சமயத்தில்தான் சூலூர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. அந்தப் பெண்ணை ஒரு கல்யாணப் பந்தியில் நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். ரசம் போதும் என்று கையைக் குறுக்கே வைத்தபோது, கையின் மேலேயே ஊற்றிவிட்டுச் சிரிக்காமல் அடுத்த இலைக்குப் போனவள். எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது. பெண்ணின் அப்பாதான் இழுத்துக்கொண்டிருந்தார். வண்டி கழுவுகிறவனுக்கா என்று யோசித்தாராம். பையனுக்கு ஒரு பொறுப்பான வேலை ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று என் மாமாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நான் அவரைப் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து, அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டலில் டிராவல்ஸ்காரர்களுக்கு ஒருநாள் வகுப்பு நடந்தது. முதலாளிக்குப் போகச் சோம்பல், என்னை அனுப்பிவிட்டார். கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் பேசினார். இனிமேல் பெரிய கூட்டத்தை அள்ளிக்கொண்டு போகிற காலம் இல்லையாம். பறவை பார்க்க என்று ஒரு சின்னக் கூட்டம் வரும், தேயிலைத் தோட்டம் பார்க்க என்று ஒரு கூட்டம் வரும். ஒவ்வொருத்தர் மனதிலும் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வண்டி விடுகிறவனே பிழைப்பான். எப்படித் தெரிந்துகொள்வது? கேட்க வேண்டும். கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டில் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். அதனாலோ என்னவோ, சொன்னதெல்லாம் வேதவாக்காக மனதில் இறங்கிவிட்டது.

எங்கள் கம்பெனிக்கு அமாவாசைதோறும் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு ஒரு வேன் உண்டு. நேராகப் போய், நேராகத் திரும்பும். நான் முதலாளியிடம் போய், இத்தனை பேர் பொள்ளாச்சி தாண்டி வருகிறார்கள், ஆழியாறு அணையைக்கூடக் காட்டாமல் கூட்டி வருகிறோமே, இது நியாயமா என்று ஒரு மணி நேரம் பேசினேன். ஒரே ஒரு தடவை உன் பொறுப்பில் விட்டுப் பார்க்கிறேன், சரியாக வந்தால் நீதான் டூர் மேனேஜர் என்றார். மேனேஜர் என்றால் சூலூர்க்காரர் மறுக்க முடியுமா?

வேனின் முன்னால் 'ஆனைமலை இன்பச் சுற்றுலா' என்று தட்டி கட்டினேன். கல்யாண வீட்டு மைக் செட் ஒன்றையும் வாடகைக்கு எடுத்து மாட்டினேன். டிரைவர் சுலைமான் பாய், கோட்டைமேட்டுக்காரர், வருஷக் கணக்காக அந்த வேனை ஓட்டியவர். தட்டியை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார்.

"தம்பி, அமாவாசை வண்டில வர்றவங்க வேடிக்கை பாக்க வர்றதில்லப்பா" என்றார்.

பழைய காலத்து மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைப்பது உங்களுக்குத் தெரியும். பொருள் திருடு போனவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள் அங்கே கல்லில் மிளகாயை அரைத்து, அம்மனிடம் நியாயம் கேட்டு நீதிக் கல்லில் பூசுவார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் நூற்றில் ஒருத்தர் அதற்காக வருவார், மற்றவர்கள் சும்மா ஒரு மாறுதலுக்கு வருகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஏறியவர்களில் அநேகமாக எல்லார் மடியிலும் ஒரு துணி மூட்டை இருந்தது. கட்டுச்சோறு என்று நினைத்தேன். (மிளகாய் நெடிகூடத் தெரியவில்லையா என்று உங்கள் அம்மா இன்றும் கேட்பாள். எனக்கு அன்று ஜலதோஷம்.)

பொள்ளாச்சி தாண்டி, ஆனைமலைக்குத் திரும்பாமல் நேராக அணைக்கு விடச் சொன்னேன். அணை வந்தது. "எல்லாரும் எறங்கி இயற்கைய ரசிங்க" என்றேன் மைக்கில். ஒருவரும் அசையவில்லை. மூட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஜன்னலோரம் குடையோடு உட்கார்ந்திருந்த ஒரே ஒரு பெரியவர் மட்டும் இறங்கினார். அவரிடம் மூட்டையும் இல்லை. எனக்கு உயிர் வந்தது. இவரல்லவா டூரிஸ்ட்.

அவர் அணையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். எத்தனை வருஷமாக இந்த வேலை, பீடி சிகரெட் உண்டா, அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று வரிசையாக விசாரித்தார். கம்பெனியின் தரத்தை எடை போடுகிறார் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் விளக்கமாகப் பதில் சொன்னேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்றார்.

"பேசிட்டு இருக்காங்கங்க. புள்ள தங்கமான புள்ளைங்க. அவங்கப்பாதான் கடுவன் பூனையாட்ட உர்ருனு இருப்பாராமா."

"அப்படிங்களா" என்றார் அவர். குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

வண்டி திரும்பக் கிளம்பியது. யாரும் இறங்காத கோபம் எனக்கு. வகுப்பில் சொன்னதைச் செய்ய இதுதான் நேரம் என்று தோன்றியது. ஒவ்வொருவராக மைக்கில் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும், அப்போதுதான் அடுத்த அமாவாசைக்கு உங்கள் மனதுக்குப் பிடித்தபடி வண்டி விட முடியும் என்று அறிவித்தேன். சுலைமான் பாய் கண்ணாடியில் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் ஊக்கப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் சீட்டில் இருந்தவர் வாயருகே மைக்கை நீட்டினேன். பாவம், மைக்கைக் கண்ட பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார். "போன மாசம் மோதிரம் தொலைஞ்சுபோச்சுனு அரைச்சுப்போட்டுப் போனேனுங்க. அது எம்பட கோழிக் கூண்டுக்குள்ளயே கெடக்குதுங்க. அன்னைலிருந்து எனக்குத்தான் உடம்பெல்லாம் எரியுது."

வேன் சிரித்தது. நான் பூரித்துப் போனேன். அடுத்து சரசக்கா. எங்கள் பக்கத்துத் தெருக்காரர். மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எம்பட பித்தளை அண்டாவ எடுத்தவளுக்குத்தான். பேரு சொல்ல மாட்டேனுங்க. பக்கத்து ஊடு."

கடைசி சீட்டிலிருந்து பக்கத்து வீடு எழுந்தது. பாப்பாத்தியக்கா. இரண்டு பேருக்கும் மாதக் கணக்காகப் பேச்சில்லை. ஒருத்தி இன்பச் சுற்றுலாவுக்குத்தான் வந்திருக்கிறாள் என்று மற்றவள் நம்பி, ஆளுக்கொரு மூலையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். (தட்டி எழுதிய புண்ணியவான் நான்தான்.)

"ஏனுங் தம்பி, அந்த மைக்க இக்கட்டால குடுங்க. எடுக்காத அண்டாவ எடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்றாளே, அவளுக்கு அரைக்கத்தான் நான் வாரேன்."

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. சீட்டுகளுக்கு நடுவே இருவரும் சந்தித்தார்கள். பாப்பாத்தியக்கா மூட்டையை ஓங்க, முடிச்சு அவிழ்ந்தது. நேரம் மிச்சம் என்று வீட்டிலேயே பாதி இடித்து எடுத்து வந்திருந்தார். வேன் முழுக்கத் தும்மல். மைக் வேறு அணைக்கப்படாததால் ஒவ்வொரு தும்மலும் இடி மாதிரி விழுந்தது. பாய் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஒரு தென்னந்தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தினார். "தம்பி, மைக்க வெச்சுப்போட்டுக் கம்முனு உக்காரு" என்றார்.

உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மேனேஜர் ஆக வேண்டுமே. நிலைமையைச் சமாளிக்க, கண்ணீர் வழிய குடைக்காரரிடம் ஓடினேன். இவர் ஒருவராவது ஊர் பார்க்க வந்தவர், நல்லதாக நாலு வார்த்தை சொல்வார். "அய்யா நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எல்லாருக்கும் சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினேன்.

அவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்.

"நான் சூலூருங்க. எம்பட புள்ளைக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை வேலை செய்யுற லட்சணத்தப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க. கடுவன் பூனைங்கறது நாந்தான்."

தும்மல்கூட நின்றுவிட்டது.

மீதி வழி முழுவதும் நான் படிக்கட்டில் நின்றபடி வந்தேன். கோயிலில் இறங்கியதும் சரசக்காவும் பாப்பாத்தியக்காவும் சிந்தியது போக மிச்சமிருந்த மிளகாயை ஒன்றாகச் சேர்த்து, ஒரே கல்லில் மாறி மாறி அரைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆச்சரியம். சமாதானம் ஆகிவிட்டீர்களா, இப்போது யாருக்கு அரைக்கிறீர்கள் என்று (மறுபடியும்) கேட்டேன்.

"உனக்குத்தான் கண்ணு" என்றார் சரசக்கா, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

மேனேஜர் வேலை அன்றே போயிற்று. பெண்ணும் போயிற்று என்று நாலைந்து நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு மாமா வந்து, சூலூர்க்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்: "பையனுக்குச் சாமர்த்தியம் பத்தாதுங்க. ஆனா மனசுல ஒண்ணு வெச்சுட்டு வெளிய ஒண்ணு பேசத் தெரியல. எம்பட புள்ள நிம்மதியா இருப்பா."

உங்கள் தாத்தா வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அம்மா கரண்டியை மைக் போல நீட்டி, "அப்பா, நீங்க எதுக்கு வந்தீங்க" என்று ஏன் கேட்கிறாள், அவர் ஏன் "மியாவ்" என்கிறார் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். பிறகு நான் சொந்தமாக டிராவல்ஸ் வைத்தும் நம் வேன்கள் எதிலும் மைக் இல்லாததற்குக் காரணமும் அதுதான்.

ஒன்று மட்டும் உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. கல்யாணம் நிச்சயமான மறுநாள், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஆனைமலைக்குப் போனேன். காரியம் தீர்ந்தவர்கள் எண்ணெய் சாத்தி அம்மனைக் குளிரவைப்பது அங்கே வழக்கம். அக்காக்கள் இருவரும் எனக்கு எதிராக அரைத்தது தீர்ந்ததா இல்லையா என்று அவர்களிடம் கேட்கத் தைரியம் இல்லை. நானே ஒரு பாட்டில் நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர், எனக்குப் பின்னால் ஒருவர், இரண்டு பேர் கையிலும் மூட்டை. முன்னால் நின்றவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவரிடம் மணி என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு, எண்ணெயைக் கொடுத்து, கும்பிட்டுவிட்டு வந்தேன்.