அரக்கனுக்கு நானூறு உயிர்ப்புள்ளி

தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் வடையை எடுத்தால்கூட, ஓட்டை நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடிப்போம். மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கும் அது இருக்கிறது. அந்த வியாதியோடு ஒருவன் மாயாஜாலக் கதைக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

நண்பர்கள் மூலம் எனக்கு ஒரு கதை விளையாட்டு பழக்கமாகியிருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். வாளை வீசினால் பட்டதா தப்பியதா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். விதிகளெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. எனக்கோ பள்ளி நாட்களில் படித்த ஒரு பழைய தமிழ் மாயாஜால நாவல்மேல் பைத்தியம். ஏழு மலைகளுக்கு அப்பால் ஒரு கோட்டை, அதில் சாகாத அரக்கன். அவன் உயிர் உடம்பில் இல்லை, கடலடியில் ஒரு பேழைக்குள் இருக்கும் வண்டில். இப்போது நினைத்தாலும் மெய்சிலிர்க்கிறது. அந்த உலகத்தை இந்த விதிகளுக்குள் கொண்டுவந்தே தீருவது என்று கிளம்பினேன்.

கிளம்பியவன் அளவோடு நின்றேனா? அரக்கன் தோலின் தடிமனுக்கு ஓர் அட்டவணை. பறக்கும் கம்பளத்துக்கு எடை வரம்பு (நனைந்திருந்தால் அதில் பாதி). அரக்கனுக்கு நானூறு உயிர்ப்புள்ளி, அதாவது அத்தனை புள்ளிக்கு அடி வாங்கினால்தான் சாவான். உயிர்தான் வண்டில் இருக்கிறதே, உடம்புக்கு எதற்குப் புள்ளி என்று என் மனைவி பிரியா கேட்டாள். விதிப்படி அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றேன். "ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

இப்படிப்பட்ட விளையாட்டுகளை வெளியிடும் ரகுநாதன் என்பவர், ஆடிக் காட்டுங்கள், பிடித்தால் புத்தகமாகப் போடுகிறேன் என்று பெங்களூரிலிருந்து எங்கள் சேலையூர் வீட்டுக்கே வந்துவிட்டார். பொங்கல் விடுமுறையின் கடைசி நாள். சாயங்காலம் அவருக்கு ரயில். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு நான் கனவு கண்டிருந்தேன். அத்தனையும் அந்த ஒரு மதியத்தை நம்பி இருந்தது. ஊருக்குப் போய்விட்டு ஒரே காரில் திரும்பிக்கொண்டிருந்த என் விளையாட்டுக் கூட்டாளிகள் அப்போதுதான் போன் செய்தார்கள்.

"மச்சான், பெருங்களத்தூர்ல நிக்குறோம். வண்டி நகரவே இல்ல."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"பக்கத்து கார்ல அடுப்பைப் பத்த வெச்சுட்டாங்க. நீயே பாத்துக்க."

வேறு வழியில்லாமல் பிரியாவையும், பொங்கலுக்கு வந்திருந்த என் மாமியாரையும், எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஜேக்கப் சாரையும் பிடித்து உட்கார வைத்தேன். (ஜேக்கப் சார் தண்ணீர் லாரி விஷயமாகக் கையெழுத்து வாங்க வந்தவர். அவர் கெட்ட நேரம், கதவை நான் திறந்தேன்.) தோளில் சிவப்புத் துண்டு, பிரியாவின் கண் மையில் முறுக்கு மீசை என்று, கதையை நடத்தவும் அரக்கனாக ஆடவும் நான் தயாரானேன்.

ஏழு மலைகளையும் ஒருவழியாகத் தாண்டினார்கள். ஒவ்வொரு மலையிலும் ஜேக்கப் சார், "இங்க தண்ணி வசதி எப்படி?" என்று கேட்டார். கடைசியில் கோட்டை வாசல். "மனித வாடை வீசுகிறதே" என்று அடித்தொண்டையில் உறுமிவிட்டு, மாமியார் கையில் பகடையைக் கொடுத்தேன்.

"உருட்டுங்க அத்தை. சண்டை ஆரம்பிச்சாச்சு."

"எதுக்கு மாப்ள சண்டை? அவர் வீட்டு வாசல்ல போய் நின்னது நாமதானே."

பகடையை ஓரமாக வைத்துவிட்டு என்னை, அதாவது அரக்கனை, நிமிர்ந்து பார்த்தார். "அண்ணே, ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றோம். குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

நான் எழுதியிருந்த அத்தனை பக்கங்களிலும் இதற்கு விதி இல்லை. வாசலில் நின்று தண்ணீர் கேட்பவரை, அதுவும் அண்ணே என்று கூப்பிட்டவரை, எந்த அட்டவணையை வைத்து அடிப்பது? என் வாய் தானாகச் சொன்னது. "உள்ள வாம்மா."

"தனியாவா இருக்கீங்க அண்ணே?"

"ஆமாம்மா."

"சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?"

"சாப்பிடுறேன். ஆனா ருசி தெரியாது. உயிர் இங்க இல்லையே."

இது நாவலில் கிடையாது. நானும் எழுதவில்லை. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அதை ஏன் அவ்ளோ தூரத்துல கொண்டுபோய் வெச்சீங்க?"

"வர்றவங்க எல்லாரும் கொல்லத்தானே வர்றாங்க."

ரகுநாதன் பேனாவைக் கீழே வைத்தார். ஜேக்கப் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வண்டு எங்கே என்று தேடித் தேடியே அந்த நாவலை மனப்பாடம் செய்தவன் நான். அது இல்லாமல் இத்தனை காலம் அந்த அரக்கன் எப்படி இருந்தான் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"எனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்ல" என்றார் மாமியார். "அண்ணேன்னு கூப்பிட்டுட்டு இப்படியே விட்டுட்டுப் போக மனசு வரல. அந்த வண்டை எடுத்துட்டு வந்து உங்ககிட்டயே குடுத்துடுறோம்."

கடலுக்குள் இறங்கினார்கள். பேழையைத் திறந்தார்கள். யாரும் பகடையைத் தொடவில்லை (எனக்கே அதன் ஞாபகம் வரவில்லை). குவித்த வெறும் கையை மாமியார் என்னிடம் நீட்டியபோது, உள்ளே ஏதோ ரீங்காரமிடுவதுபோல அவர் விரல்கள் நடுங்கின. வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டேன். பிரியா ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள். கேன் தண்ணீர்தான். குடித்துவிட்டு, "இனிக்குதும்மா" என்றேன். அதற்குமேல் முடியவில்லை. பெரிய கம்பெனியில் அதிகாரியாக இருக்கும் ஆம்பளை நான், சிவப்புத் துண்டைப் போர்த்திக்கொண்டு, மீசை கரைந்து வாயில் இறங்க, வெளியூர்க்காரர் முன்னால் விம்மி விம்மி அழுதேன்.

ரகுநாதன் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல" என்றார். நான் மூக்கைத் துடைத்தேன். "ஆனா உங்க விதிகள்ல ஒண்ணுகூட இதுல வரலையே. நான் எதைப் புத்தகமா போடுறது?"

நியாயமான கேள்வி. அவர் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். என் கனவும் அவரோடு ஆட்டோ ஏறிப் போயிற்று. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

அடுத்த வருஷம் பிரியாவின் தங்கைக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் செய்யும் நேரம் வந்தது. மாமியாருக்கு அண்ணன் தம்பி கிடையாது என்பதால், எங்கள் கல்யாணத்தில் தூரத்துச் சொந்தம் ஒருவரைக் கெஞ்சி நிற்க வைத்திருந்தார்கள். இந்த முறை மாமியார் மண்டபமே கேட்க என்னைப் பார்த்து, "அண்ணே, வாங்க" என்றார். (அன்றிலிருந்து பிரியா என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். கிண்டலா முறையா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.) எனக்குக் காது சூடாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் குறுக்கே வந்தார்.

"மூத்த மாப்பிள்ளை எப்படிம்மா தாய்மாமனா நிக்க முடியும்? இவர் உங்களுக்கு எப்படி அண்ணன்?"

"இவர் உயிர் கடலுக்கடியில கிடந்துச்சு" என்றார் மாமியார். "நான்தான் போய் எடுத்துட்டு வந்து கையில குடுத்தேன்."

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "அப்ப முறைதான்" என்று சொல்லிவிட்டு, சீர்த் தட்டைத் தூக்கி என் கையில் வைத்தார்.