தொப்பிக்கு ஒரு சிவப்பு இறகு

கோழி வளர்க்காமலே கோழி வளர்க்கிறார் என்று முறைப்பாடு வாங்கிய மனிதர் கனடா முழுவதிலும் ஒருவர்தான் இருந்திருப்பார். ஸ்காபரோவில், எங்கள் அப்பார்ட்மென்ட் கட்டடத்தில், என் தலைக்கு நேர் மேல்வீட்டில் தனியாகக் குடியிருந்தார். இப்போது தங்கை குடும்பத்தோடு மார்க்கம் பக்கம் போய்விட்டார். சொந்தப் பெயர் அவருக்கு வரும் கடிதங்களில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் இறகர்.

வாரநாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார். சனி ஞாயிறில் ஒரு சின்ன மியூசியத்தில் சம்பளமில்லாத வேலை. பழைய காலத்தில் வெள்ளைக்கார வியாபாரிகள் துப்பாக்கி, கம்பளி, கேத்தில் எல்லாம் கொடுத்துப் பூர்வகுடி மக்களிடம் பீவர் தோல் வாங்கினார்களே, அந்தக் கதையைச் சொல்லும் மியூசியம். கொடுத்த சாமான்களில் தொப்பியில் செருகும் தீக்கோழி இறகும் ஒன்று என்று எங்கேயோ வாசித்தார். அன்றிலிருந்து மனிதருக்கு நித்திரை இல்லை.

"தம்பி, ஆபிரிக்காவில பிறந்த இறகு லண்டனில சாயம் குடிச்சு, கனோ வள்ளத்தில ஏறி, இந்தப் பனிக்காட்டுக்குள்ள வந்து இறங்கியிருக்கு. எங்களை விட அலைஞ்சிருக்கு!"

"அதுக்கு இப்ப என்ன அண்ணை?"

"அந்த இறகை நான் என்ர கையால திரும்பச் செய்யப்போறன்."

செய்தார். வெள்ளைத் தீக்கோழி இறகைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து வீட்டிலேயே வேலையைத் தொடங்கினார். லிஃப்டில் இறகு. லோன்றி மெஷினில் இறகு. பக்கத்து வீட்டுப் புஷ்பா அன்ரி கரண்டியோடு வந்து நின்றார்.

"என்ர சொதிக்குள்ள இறகு மிதக்குது. நான் மரக்கறி மட்டும் சாப்பிடுறனான்!"

கட்டட மேற்பார்வையாளர் வந்து கட்டிலின் கீழ், அலுமாரி, ஓவன் அடுப்பு எல்லாவற்றிலும் கோழி தேடினார். கிடைத்தது தும்மல் மட்டும்.

மியூசியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழா வைத்தார்கள். பழைய வியாபாரிகள் வேடத்தில் கனோ வலிப்பவர்களின் தொப்பிக்கு இறகு செய்து தருவதாக இறகர் வாக்குக் கொடுத்திருந்தார். அவரால் முடியாவிட்டால் கடையில் விற்கும் மினுங்கல் இறகைக் குத்துவார்கள். அந்த நினைப்பே அவருக்குக் காய்ச்சல் கொண்டுவந்தது.

சனிக்கிழமை மத்தியானம் என் குளியலறைக் கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. சிவப்பு. பிறகு இன்னொன்று.

இறகர் அன்று மியூசியத்துக்குப் போகாமல் வீட்டில் தனியாக இருந்தார். போன வருடம்தான் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். படிகளில் பாய்ந்து ஏறிக் கதவில் அடித்தேன். சத்தமில்லை. என் கூச்சல் கேட்டு மேற்பார்வையாளர் திறப்போடு ஓடிவந்து பூட்டைத் திறந்தார்.

உள்ளே, விளிம்புவரை சிவந்த குளியல் தொட்டி. அதன் முன்னால், முழங்கைவரை சிவந்த கைகளோடு, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, தவில் கச்சேரிக்குத் தலையாட்டிக்கொண்டு இறகர்!

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கழிப்பறை மூடியில் அப்படியே இருந்துவிட்டேன்.

"ஏன் தம்பி வேர்த்துக் கிடக்கிறீர்?"

"உங்கட ரத்தம் எண்டு நினைச்சன் அண்ணை! என்ர சீலிங்கால ஒழுகுது!"

"ஐயோ, என்ர சாயம்! கீழ ஒரு வாளியாவது வைச்சு ஏந்தினனீரோ?"

மேற்பார்வையாளர் நீண்ட மூச்சு விட்டார். போகிற போக்கில் குளியல் திரைக்குப் பின்னாலும் ஒருமுறை எட்டிப் பார்த்தார். கோழி அங்கேயும் இல்லை.

சிரித்து முடிந்த பிறகுதான் இறகர் இறகுகளைத் தூக்கினார். நனைந்த எலிவால் மாதிரித் தொங்கின. கேத்தில் ஆவியில் பிடித்தார், அசையவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார்.

"சரி. நாளைக்குக் கடை இறகைத்தான் குத்துவினம்."

அந்த மனிதர் பகிடி விடாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்ற புஷ்பா அன்ரி தன் வீட்டுக்கு ஓடினார். புட்டுப் பானையோடு திரும்பி வந்தார்.

"கேத்தில் ஆவி காணாது. இதில பிடியும். ஆனா இனி இதில புட்டு அவிக்கேலாது. புதுப் பானை உம்மட பொறுப்பு."

பானை கொதித்தது. அன்ரி இறகை ஆவியில் காட்ட, நான் ஹெயார் டிரையர் பிடிக்க, மேற்பார்வையாளர் தும்மிக்கொண்டே உதறினார். முதல் இறகு மெல்லச் சிலிர்த்து விரிந்தபோது நால்வரும் ஒன்றாகக் கத்தினோம். இறகர் மொட்டைக் கத்தியால் ஓரங்களைச் சுருட்டி, மெல்லிய இறகுகளை அடுக்கித் தைத்து, பருத்த குஞ்சங்களாக்கினார். பின்னேரத்துக்குள் மேசை நிறையச் சிவப்பு.

மறுநாள் ஏரிக்கரையில் நல்ல காற்று. கனோக்கள் வந்தன. தொப்பிகளில் இறகுகள் வளைந்து வளைந்து நிமிர்ந்தன. ஒரு நார்கூட உதிரவில்லை. விருந்தினராக வந்திருந்த பூர்வகுடி மூதாட்டி ஒருவர் ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் தன் தொப்பியிலேயே செருகிக்கொண்டு சிரித்தார். திருப்பிக் கொடுக்கவில்லை.

இதைச் செய்தது யார் என்று மைக்கில் கேட்டார்கள். இறகர் எழுந்து, கூட்டத்தில் நின்ற எங்கள் மூவரையும் கைகாட்டினார்.

"மை பில்டிங்!"

கைதட்டல் ஓய்ந்ததும் எங்களிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. அவரிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது.

"சாப்பிட்டியளோ அண்ணை?" என்று மட்டும் கேட்டேன்.