மகாராணிக்குச் சூடு ஆகாது

இனிமேல் மனைவியிடம் பொய் சொல்வதில்லை என்று கலியமூர்த்தி தீர்மானம் செய்தார். அதைக் காரை விட்டுச் சொல்லவைப்பது என்பது தீர்மானத்தின் இரண்டாம் பகுதி.

கார் அதற்கு ஏற்ற வயசுதான். இங்கிலாந்தில் பிறந்து, யாரோ ஒரு துரையோடு கப்பலேறி வந்து, நாலு கை மாறி, கடைசியில் கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்திருந்தது. உருண்டைத் தலை, உப்பிய கன்னம். கலியமூர்த்தி அதற்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தார். அவர் மனைவி சாந்தகுமாரி அதைச் சக்களத்தி என்பாள்.

எழுபத்தெட்டாம் வருஷத்து மே மாதம். தில்லி அப்பளம் பொரிக்கும் பதத்தில் இருந்தது. பிள்ளைகள் லீவுக்குக் கும்பகோணம் போயிருந்தார்கள். ஆபீஸ் சிநேகிதர்கள் மூன்று பேரோடு காரில் முசோரி மலைக்குப் போய், நாலு நாள் குளிரக் குளிரச் சீட்டாடுவது என்று கலியமூர்த்தி ரகசியமாகத் திட்டம் போட்டிருந்தார். ஒரே ஒரு முட்டுக்கட்டை. கல்யாணமாகித் தில்லிக்கு வந்த நாளாகச் சாந்தகுமாரியும் ‘மலை, மலை’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷத்தில் அவள் பார்த்த ஒரே மலை, துவைக்கக் கிடந்த துணி.

"சாந்தா, மகாராணிக்கு உடம்பு சரியில்லை."

"மாசமா இருக்காளா?"

"சூடு. ரேடியேட்டர் சூடு. ஊருக்குள்ளேயே ஓட்டி ஓட்டி நெஞ்சுல கபம் கட்டிப்போச்சு. ஒருதடவை நெடுந்தூரம் மலை வரைக்கும் ஓட்டினாத்தான் சரியாகும்."

"எந்த மலை?"

"ஏதோ முசோரின்னு ஒண்ணு இருக்காம்."

"ஏதோவா! நானும் வரேன்."

"வரலாம். ஆனா மலை ஏறும்போது ஆள் கூடினா இன்ஜின் கொதிச்சிடும். ஓட்டுறவன் மட்டும்தான் போகணும். என் தலையெழுத்து, ஒத்தையில கிடந்து அவஸ்தைப்படணும்."

சாந்தகுமாரி கீரை ஆய்ந்துகொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தாள். கீரையோடு அவரும் ஆயப்பட்டார்.

"ஒத்தையில அவஸ்தைப்பட நான் விடுவேனா? முதல்ல அவளுக்கு வைத்தியம் பாருங்க."

வேறு வழியில்லை. கோட்லா முபாரக்பூரில் ஒரு சர்தார் மெக்கானிக்கிடம் மகாராணியைக் கொண்டுபோனார். சர்தார் ரேடியேட்டரைக் கழுவினார். காவேரியில் புதுவெள்ளம் வருவதுபோலச் செம்மண்ணாகக் கொட்டியது. வெடித்த ரப்பர் குழாயை மாற்றினார். தொங்கிய ஃபேன் பெல்ட்டை இழுத்துக் கட்டினார். மகாராணி ஒரேயடியாகக் குணமாகிவிட்டாள். கலியமூர்த்தியின் சாக்குத்தான் படுத்துவிட்டது.

"இதுக்கும் மேல சூடானா?" என்று நப்பாசையோடு இந்தியில் கேட்டார்.

"ஹீட்டரைப் போடுங்க சாப். இன்ஜின் சூட்டையெல்லாம் இழுத்துக் காருக்குள்ள விட்டுடும். இன்ஜின் பிழைச்சுக்கும்."

"உள்ளே இருக்கிறவங்க?"

சர்தார் வானத்தைக் காட்டினார்.

கலியமூர்த்தி அவரைக் கட்டித் தழுவாத குறை. இங்கிலாந்துக் குளிருக்காக வைத்த ஹீட்டர். தில்லியில், அதுவும் மே மாதத்தில், அதைப் போடுவது பற்றி யாரும் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள். ஒரே ஒரு சவாரி. மலை என்ற வார்த்தையையே சாந்தகுமாரி மறந்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில் வெள்ளோட்டம். பதர்பூர் வரைக்கும். ஹீட்டர் போட்டாயிற்று. கண்ணாடியைத் திறந்தால் அனல்காற்று, மூடினால் ஹீட்டர்.

சாந்தகுமாரி பின்சீட்டில் ஏறினாள். தலையில் ஈரத்துண்டு. மடியில் ஐஸ் போட்ட மோர்க் கூஜா. காலடியில் ஒரு வாளித் தண்ணீர். இரண்டு காலையும் அதற்குள் விட்டுக்கொண்டாள். கலியமூர்த்திக்கு வாளி வைத்துக்கொள்ள வழியில்லை. ஒரு கால் கிளட்ச்சில், ஒரு கால் ஆக்ஸிலேட்டரில். உடம்பில் டெரிலின் சட்டை.

ஆசிரமம் நாற்சந்தி வந்தபோதே அவருக்கு வைராக்கியம் பிறந்துவிட்டது. ஓக்லா தாண்டும்போது ஞானம் வந்தது. பதர்பூரில் மோட்சமே கண்ணுக்குத் தெரிந்தது. வண்டியை ஓரங்கட்டி ஸ்டீயரிங்கின்மேல் சாய்ந்தார்.

"என்னங்க, சூடு காட்டுற முள்ளு நகரவே இல்லை. மகாராணி ஜம்முனு இருக்கா. நீங்கதான் ஆவி விடுறீங்க" என்றாள் சாந்தகுமாரி, மோரை உறிஞ்சியபடி.

"சாந்தா..."

"பேசாதீங்க. சூடா இருக்கும்போது மூடியைத் திறந்தா முகத்துல அடிக்கும்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?"

ரேடியேட்டருக்காகக் கொண்டுவந்த டின் தண்ணீரை எடுத்து அவர் தலையில் நிதானமாக ஊற்றினாள். ‘புஸ்’ஸென்று சத்தம் கேட்டதாகக் கலியமூர்த்தி பிற்பாடு சத்தியம் செய்தார்.

ராத்திரிவரை ஃபேனுக்குக் கீழே கிடந்தவர், கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"சமதரையில சரி, சாந்தா. மலையில கணக்கு வேற. எடைதான் சூடு. எடை குறையக் குறையக் குளிர்ச்சி. ஒரு கிலோ கூடினாலும் ரேடியேட்டர் தாங்காது. நீ ஏறினா எடை கூடுமா, கூடாதா?"

"கூடும்."

"அப்போ?"

"நீங்க சொல்றது நியாயம்தாங்க."

கல்யாணமான நாளாக அவள் இப்படி ஒப்புக்கொண்டதே கிடையாது. கலியமூர்த்தி பயந்திருக்க வேண்டும். பாவம், பூரித்துப்போனார்.

மறுநாள் சாயங்காலம் அரிசி வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அவரைக் கூட்டிப்போனாள். கூடவே மாடிவீட்டு விசாலாக்ஷியும் வந்தாள். ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். முருங்கைக்காய்க்குப் புடவை சுற்றின மாதிரி இருப்பாள். மளிகைக்கடை வாசலில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது.

"லாலாஜி, ஜரா இவரைக் கொஞ்சம் நிறுங்க" என்றாள் சாந்தகுமாரி.

என்ன ஏது என்று கேட்பதற்குள் இரண்டு கூலிக்காரர்கள் கலியமூர்த்தியைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டார்கள். கடைக்கார லாலாஜி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"தொண்ணூத்திரண்டு கிலோ."

"சாக்கோடயா?"

"சாக்கு இல்லாம, பஹன்ஜி. என்ன விலைக்குக் கொடுக்கறீங்க?"

அடுத்து சாந்தகுமாரி ஏறினாள். நாற்பத்துநாலு. விசாலாக்ஷி ஏறினாள். நாற்பத்தாறு.

"ரெண்டும் சேர்ந்து தொண்ணூறு. நாங்க ரெண்டு பேர் போனா, நீங்க ஒருத்தர் போறதைவிட ரெண்டு கிலோ குளிர்ச்சிங்க" என்றாள் சாந்தகுமாரி.

"நீங்க ரெண்டு பேர் போறதா? வண்டியை யார் ஓட்டுறது? உன் தாலி பாக்கியமா?"

"நான்தான் சார்" என்றாள் விசாலாக்ஷி. "லடாக்ல ஆம்புலன்ஸ் ஓட்டியிருக்கேன். உள்ளே நோயாளி, வெளியே பனி. உங்க வண்டி எம்மாத்திரம்?"

"அப்போ நான்?"

"நீங்க ஏறினா மகாராணிக்கு ஆகாதே! தெரிஞ்சே அவளைக் கொல்லச் சொல்றீங்களா?"

கலியமூர்த்தி இன்னும் தராசுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"சாப், கொஞ்சம் நகருங்க, ஜல்தி. கோதுமை மூட்டை காத்திருக்கு" என்றார் லாலாஜி.

சனிக்கிழமை விடிகாலையில், வீட்டுக்குத் தெரியாமல், ரிங் ரோடு பஸ் ஸ்டாப்பில் ஏறிக்கொள்வதாகச் சிநேகிதர்கள் மூவருடனும் முன்பே ஏற்பாடு. இரண்டு பெண்களும் கிளம்ப நாள் பார்த்ததும் அதே சனிக்கிழமைதான். கடைசி நிமிஷத்தில் ஏதாவது அதிசயம் நடக்கும் என்று நம்பி, கலியமூர்த்தி அவர்களிடம் மூச்சுவிடவில்லை.

அதிசயம் நடக்கவும் செய்தது. சனிக்கிழமை காலை மகாராணி கிளம்பவில்லை. விசாலாக்ஷி சாவியைத் திருகத் திருக, மகாராணி இருமினாளே தவிர அசையவில்லை.

"அடடா, பேட்டரி!" என்று கலியமூர்த்தி கத்தினார். துக்கத்தைக் குரலில் வரவழைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. "போச்சு. நீங்க இறங்கிடுங்க."

"எதுக்கு இறங்கணும்? தள்ளுங்க" என்றாள் சாந்தகுமாரி.

தள்ளினார். குவார்ட்டர்ஸ் தெரு முழுக்கத் தள்ளினார். "சார் எடை இப்பத்தான் உபயோகப்படுது" என்று விசாலாக்ஷி முன்சீட்டிலிருந்து உற்சாகப்படுத்தினாள். ரிங் ரோடுக்கு வந்தபோது அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. தலை நிமிர்ந்தார். பஸ் ஸ்டாப்பில் மூன்று பேர். மே மாதத்தில், கழுத்துவரை ஸ்வெட்டர். கையில் பெட்டி.

"மூர்த்தி, ஏன்யா லேட்டு?" என்று ஓடிவந்த இராஜமாணிக்கம், பின்சீட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றார். "வ... வணக்கம்மா. நாங்க சும்மா பஸ்ஸுக்கு நிக்கிறோம்."

"நல்லதாப் போச்சுண்ணே. ஒரு கை கொடுங்க."

நாலு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். ஸ்வெட்டர்கள் நனைந்தன. மகாராணி ஒரு தும்மல் போட்டாள், குலுங்கினாள், சீறிக்கொண்டு கிளம்பிவிட்டாள். புகைக்குள் நாலு பேரும் இருமிக்கொண்டு நின்றார்கள்.

இருபது அடி போய்க் கார் கொஞ்சம் மெதுவானது. பின் ஜன்னலில் சாந்தகுமாரியின் தலை எட்டிப் பார்த்தது.

"என்னங்க! உங்க நாலு பேருக்கும் சமைச்சு மூடி வச்சிருக்கேன். சூடு ஆறுறதுக்குள்ள போய்ச் சாப்பிடுங்க!"