பிரிண்டுங்க

முதல் பாடமாக எதைச் சொல்லித்தருவது என்று தெரியாதவர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றுமே தெரியாதவர்கள் ஒரு வகை. எல்லாம் தெரியும் என்று நினைப்பவர்கள் இன்னொரு வகை. இருபத்துமூன்று வயதில் நான் இரண்டாவது வகைக்குத் தலைவியாக இருந்தேன்.

சிங்காநல்லூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு சனி, ஞாயிறுகளில் புரோகிராமிங் சொல்லித்தர ஆள் தேடினார்கள். நடத்துபவர் ஸ்டெல்லா மேடம். சனிக்கிழமை ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். வந்தவர்கள் மறுநாளும் வருவதாகச் சொன்னால் வேலை எனக்கு. அதற்கு முன்பே நான்கு இண்டர்வியூக்களில் மண்ணைக் கவ்வியிருந்தேன். இதுவும் போனால் ஈரோட்டில் பெரியப்பாவின் ஜவுளிக்கடையில் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். (அம்மா பெட்டியே கட்ட ஆரம்பித்துவிட்டாள்.)

அஸ்திவாரத்திலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தேன். பூஜ்யம், ஒன்று, இரும எண்கள், மெமரி, கம்பைலர். டீ கேட்டு வந்தவர்களுக்குத் தேயிலைத் தோட்டம் போடக் கற்றுத்தருகிறோம் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பத்து நிமிடத்துக்கொரு தரம் “புரிந்ததா?” என்பேன். “புரிஞ்சுதுங்க” என்பார்கள், பன்னிரண்டு பேரும் ஒரே குரலில். எனக்குப் புல்லரித்தது. ஒன்றரை மணி நேரம் நிறுத்தவே இல்லை. கடைசி பெஞ்சில் இருந்த ஸ்டெல்லா மேடம் மூன்றாவது முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எல்லோரும் அவரவர் பெயரைத் திரையில் வரவழைக்கட்டும், பார்க்கலாம் என்றார்.

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் அது ஒரே வரி வேலை. ‘பிரிண்ட்’ என்று கட்டளையிட்டு, அடைப்புக்குறிக்குள் பெயரைக் கொடுத்தால் போதும். போர்டில் எழுதிக் காட்டினேன். கணவருடன் மோட்டார் பம்ப் வொர்க்‌ஷாப் நடத்தும் பழனியம்மாள் அக்கா முதலில் தட்டினார். திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகளில் ‘எரர்’. எட்டிப் பார்த்தேன். ‘பிரிண்டுங்க’ என்று அடித்திருந்தார்.

ஏன் அப்படி அடித்தீர்கள் என்று கேட்டேன்.

“ஏனுங்க அம்மணி, இன்னைக்குத்தான் பழக்கம். எடுத்த எடுப்புல ‘பிரிண்ட்’னு அதிகாரமாச் சொல்ல முடியுமுங்களா?”

அவரைப் பார்த்து அடித்த இன்னும் ஏழு பேரின் திரையும் சிவந்திருந்தது. அப்படியானால் இத்தனை நேரம் புரிந்தது என்றீர்களே என்றேன்.

“நீங்க மூச்சு வாங்கச் சொல்லிட்டிருந்தீங்க. புரியலைன்னா உங்க மனசு சங்கடப்படுமில்லீங்க?” என்றார் அக்கா.

அவமானத்தில் காது சூடானது. ஸ்டெல்லா மேடம் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். ஜவுளிக்கடை கண்முன் வந்து நின்றது. அப்போதுதான் அந்தச் சிவப்பு எழுத்துகளை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். ‘பிரிண்டுங்க’ யாரென்று எனக்குத் தெரியாது என்றுதான் கம்ப்யூட்டர் சொல்லியிருந்தது. தெரியாது என்றால் அறிமுகம் செய்துவைத்தால் போயிற்று!

அக்காவின் கீபோர்டை வாங்கி, மேலே ஒரே ஒரு வரி சேர்த்தேன். ‘பிரிண்டுங்க’ என்றால் ‘பிரிண்ட்’ என்று எடுத்துக்கொள், அவ்வளவுதான். திரும்ப ஓட்டினேன். திரையில் ‘பழனியம்மாள்’ என்று வந்தது.

“அட, மரியாதை தெரிஞ்சுபோச்சுங்களே இதுக்கு” என்றார் அக்கா.

அதன்பிறகு வகுப்பு என் கையில் இல்லை. அந்த வரியை எல்லோரும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கேள்வி கேட்க ‘கேளுங்க’ என்று ஒன்று வேண்டும் என்றார் மில் சூப்பர்வைசர் ஒருவர். அதற்கும் பெயர் வைத்தோம். ஒன்றரை மணி நேரத்தில் நான் நுழைக்க முடியாதது அரை மணியில் அவர்களாகவே உள்ளே போனது. மறுநாள் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். பழனியம்மாள் அக்கா வீட்டுக்காரரையும் சேர்த்துப் பதின்மூன்று. பெருமையில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

“வேலை உங்களுக்குத்தானுங்க. அந்தப் பூஜ்யத்தையும் ஒண்ணையும் மட்டும் ஊட்டுலயே வெச்சுட்டு வந்துருங்க” என்றார் ஸ்டெல்லா மேடம்.

இன்று அந்த சென்டரை நான்தான் நடத்துகிறேன். எந்த பேட்ச் வந்தாலும் முதல் பாடம் ‘பிரிண்டுங்க’தான். வீட்டில்தான் நிலைமை மோசம். அவசரத்தில் “காபி” என்று மட்டும் குரல் கொடுத்தால், சமையலறையிலிருந்து என் கணவர் “எரர்” என்கிறார். “காபி குடுங்க” என்றால்தான் டம்ளர் வருகிறது.