இடுப்புக் காவலர்

இடுப்புக் காவலர் என்றோர் இனம் உண்டு. சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது. ஆனால் பெண்பிள்ளைகள் ஆடப்போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு, சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு, அழையாமலே போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். நாவற்குடாவில் அந்தப் பதவி சாமித்தம்பியுடையது. தொண்ணூற்றோராம் ஆண்டில் ஊரடங்கையும் இராணுவச் சுற்றிவளைப்பையும் அவரால் தடுக்க முடியவில்லை. இடுப்பையாவது தடுக்க வேண்டாமா?

வாசிகசாலைக் கலைவிழாவுக்கு மங்கையற்கரசி ஓர் ஆட்டம் வைத்திருந்தாள். பஹ்ரைனில் ஹோட்டல் அறை துடைத்த காலத்தில், அங்கே ஆட வந்த தஹிதித் தீவுக்காரியிடம் கற்றது. இடுப்பு கடலாம், கை கதை சொல்லுமாம். போன வருடம் அவள் புருஷனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வாயால் சொன்னால் சொன்னவரையும் கொண்டுபோகிற காலம். கையாலாவது சொல்லிவிட வேண்டும் அவளுக்கு.

ஒத்திகையில் முதல் அசைவிலேயே சாமித்தம்பி எழுந்துவிட்டார்.

“இடுப்பு ஆடப்படா, புள்ள. நம்மட கலாசாரம் என்னாகிற?”

“அம்மன் சடங்கில உருவந்து இத விட ஆடினன். அப்ப ஒண்டும் சொல்லல்லயே, மாமா?”

“அது நீயா ஆடினாய்? அம்மாள் ஆடினா.”

“ஓம். இது நான் ஆடுறன்.”

“அதான் ஆடப்படா எண்டுறன்!”

தெய்வத்துக்கு அனுமதி உண்டு, மங்கையற்கரசிக்குக் கிடையாது. நீதி தெளிவு.

“கைய ஆட்டலாமா?”

“கை எவ்வளவும் ஆட்டு.” கைக்கு ஏது கலாசாரம்?

விழாவன்று எட்டு ஊசி குத்திய சேலையில் அவள் ஆடினாள். சாமித்தம்பி பத்து நிமிடமும் கண்ணை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. ஓர் ஊசிகூட அசையவில்லை. ஊர் மானம் தப்பியது. திரும்பிப் பார்த்தால் மண்டபம் முழுக்க அழுகை. மனைவி அன்னப்பூரணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“ஏன்கா அழுறாய்? ஒழுக்கமாத்தானே ஆடினாள்?”

“அவள்ற கையப் பாக்கல்லயா? வாவியில வல வீசின புருஷனத் தோணியால இறக்கி, கையப் பின்னுக்குக் கட்டிக் கொண்டு போன… நம்மட மகனையும் அவனோடதானே கொண்டு போன.”

சாமித்தம்பி அவசரமாக மேடையைப் பார்த்தார். திரை விழுந்திருந்தது. பாவம், மகனுக்காக அழ ஊரே கூடிய இடத்தில் அவர் மட்டும் வேலையாக இருந்துவிட்டார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான். ஆனாலும் ஒருத்தி ஆடி முடித்த பிறகு, பக்கத்தில் அழுகிறவளிடம் ஏன் என்று கேட்க வேண்டி வந்தால், உங்கள் பெயர் எதுவானாலும் நீங்கள் சாமித்தம்பிதான்.