நார்பர்ட்டுக்குத் தெரிந்தவர்

தனக்கென்று எதையுமே கேட்காத மனிதரை நீங்கள் பார்த்ததுண்டா? நான் தினம் பார்க்கிறேன். மருந்துக் கடையில் பார்க்கிறேன், முடிவெட்டும் கடையில் பார்க்கிறேன், வருமான வரிக் காலம் வந்துவிட்டால் என் மேஜைக்கு எதிரிலேயே பார்க்கிறேன். நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கழற்றி முழங்காலில் கவிழ்த்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்து, தொண்டையைச் செருமிவிட்டு அவர் தொடங்குவார்: "எனக்கில்லப்பா. தெரிஞ்சவர் ஒருத்தருக்காகக் கேக்கறேன்."

தெரிந்தவருக்காகக் கேட்பவர் என்பது இந்த இனத்தின் பெயர். விஸ்கான்சின் மாநிலத்தில், ஆறும் ஏரியும் காகித ஆலையும் சேர்ந்த எங்கள் ஊரில், இந்த இனம் அமோகமாக விளைகிறது.

அந்தத் தெரிந்தவர் இருக்கிறாரே, அவரைப்போல் ஒரு பாவப்பட்ட பிறவி உலகத்தில் கிடையாது. மூலம் அவருக்குத்தான். கூரை ஒழுகுவது அவர் வீட்டில்தான். மகனைக் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியதும், மாமியார் உயிலில் பெயரை விட்டுவிட்டதும், ராத்திரி முழுக்கக் குறட்டை விடுவதாக மனைவி புகார் சொல்வதும் அவருக்கே. இத்தனை பட்டும் அவர் எங்கேயும் நேரில் வரமாட்டார். "எந்தப் பக்கம் வலிக்குதாம் அவருக்கு?" என்று மருந்துக் கடை லோயிஸ் கேட்டால், கேட்க வந்தவரின் கை தானாகத் தன் இடுப்புக்குப் போகும். லோயிஸ் பார்க்காததுபோல் மாத்திரை எடுக்கத் திரும்பிக்கொள்வாள். எங்கள் ஊரில் மரியாதை என்றால் இதுதான்.

பிப்ரவரியில் ஒரு நாள் நார்பர்ட் ஸ்விட்டாலா வந்து அந்த நாற்காலியை முன்னால் இழுத்தார். காகித ஆலையில் முப்பது வருஷமாக வேலை செய்பவர். குடியிருக்கும் வீட்டைத் தன் கையாலேயே கட்டியவர். என்னோடு பௌலிங் ஆடுபவர்.

"ஏர்ல், எனக்கில்ல. தெரிஞ்சவன் ஒருத்தன். நாலு கிரெடிட் கார்டுல முப்பதாயிரம் டாலர் ஏறிப்போச்சு. பொண்டாட்டிக்குத் தெரியாது. கடனைப் பேசி முடிச்சுத் தர்ற கம்பெனி ஒண்ணு இருக்காம், அதுல சேரலாமா வேண்டாமான்னு கேக்கறான்."

"என்ன சொல்றாங்க கம்பெனியில?"

"கார்டுக்குக் கட்டறதை நிறுத்திடு, மாசம் ஐநூறு டாலரைத் தனிக் கணக்குல போட்டுட்டு வா, கொஞ்சம் சேந்ததும் நாங்க பாங்க்கிட்டப் பேசிப் பாதியில முடிச்சுடறோம்ங்கறான். போன்ல அந்தப் பொண்ணு ரொம்பத் தன்மையாப் பேசிச்சு." கொஞ்சம் நிறுத்தி, "அவன்கிட்ட," என்று சேர்த்துக்கொண்டார்.

நல்லதையும் கெட்டதையும் நான் எடுத்துச் சொன்னேன். பாதியில் முடிந்தால் லாபம்தான்; திவால் மனு போடுவதைவிட மேல் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆனால் கட்டுவதை நிறுத்திய நாளிலிருந்து வட்டியும் அபராதமும் குட்டி போடும். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்த கிரெடிட் ஸ்கோர் படுத்துவிடும். பேரத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று வங்கிக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. வழக்குப் போட்டுச் சம்பளத்தில் கைவைக்கலாம். பேசி முடித்தால் கம்பெனிக்குக் கூலி உண்டு, அதுவும் கொழுத்த கூலி. வேலை முடியும் முன்பே கூலி கேட்டால் அவன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும், தள்ளுபடியான பணத்தைப் பெரும்பாலும் வருமானமாகக் கணக்கில் எடுத்து வரி கேட்பார்கள். அப்போது திரும்பவும் இதே நாற்காலிக்குத்தான் வரவேண்டும்.

"அவர் கடைசியா எப்பத் தவணை கட்டினார்? வீட்டுக் கடனுக்குக் கட்ட வேண்டியது எவ்வளவு? அது தெரிஞ்சாத்தானே நான் சொல்ல முடியும்?" என்றேன்.

நார்பர்ட் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "அதெல்லாம் அவன் சொல்லலப்பா."

பாருங்கள்! இந்த இனத்தின் கோளாறே இதுதான். கேள்வி தெரிந்தவருடையது, பதிலும் தெரிந்தவருக்குத்தான் போய்ச் சேருகிறது. அவரோ எங்கேயும் இல்லை. ஆக, பதில் காற்றில் போகிறது.

அந்தச் சனிக்கிழமை உறைந்த ஏரியின்மேல், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கும் குடிசைக்குள், நார்பர்ட், நான், ஆலை வேலைக்காரர் ஆர்லன் ஆகிய மூவரும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். நார்பர்ட் தன் தெரிந்தவரை அங்கேயும் கூட்டிவந்துவிட்டார்.

"அட, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் அதுல சேந்தான்," என்றார் ஆர்லன், துளையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அப்படியா! பாங்க்காரன் கேஸ் போட்டானா?" என்றார் நார்பர்ட்.

"ஒருத்தன் போட்டான். ரெண்டு பேர் படிஞ்சு வந்தாங்க."

"சம்பளத்துல எவ்வளவு பிடிச்சாங்க?"

ஆர்லன் தூண்டிலை ஆட்டினார். "அது... அவன் சொல்லல."

ஆர்லன் போன குளிர்காலத்தில் தன் பனிவண்டியை எந்தக் கடனுக்காக விற்றார் என்பது ஊருக்கே தெரியும். ஒருவருக்கு அனுபவம் இருக்கிறது, இன்னொருவருக்கு அது உயிர்போகிற அவசரமாக வேண்டியிருக்கிறது, இருவருக்கும் நடுவே ஒன்றரை அடித் துளைதான். ஆனாலும் இல்லாத இரண்டு மனிதர்கள் குறுக்கே நின்று மறைத்துக்கொண்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு இருவரையும் துளைக்குள் தள்ளியிருப்பேன். மீன் ஒன்றும் சிக்கவில்லை.

இதோடு போயிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். செவ்வாய்க்கிழமை நார்பர்ட்டின் மனைவி டார்லீன் வந்தாள். நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்தாள்.

"எனக்கில்ல ஏர்ல். எங்க ஆபீஸ்ல ஒருத்தி. ரெண்டு கார்டு, பன்னிரண்டாயிரம். புருஷனுக்குத் தெரியாது. தெரிஞ்சா அந்த மனுஷன் இடிஞ்சுபோயிடுவான்னு பயப்படறா. இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள சேந்தாத் தனிச் சலுகைன்னு ஒரு கம்பெனியில சொல்றாங்களாம்."

அதே கம்பெனி. அதே தன்மையான பெண். மாதம் முந்நூறு டாலர். கணக்குப் போடுவது என் தொழில், போடாமல் இருக்க முடியுமா? அவர் ஒளித்து ஐநூறு எடுத்து, இவள் ஒளித்து முந்நூறு எடுத்தால், அந்த வீட்டுக் கடன் தவணைக்கு மிச்சம் இருக்காது. கையால் கட்டிய வீடு கையைவிட்டுப் போய்விடும். அதுவும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே.

என்னிடம் சொன்னதை நான் யாரிடமும் சொல்லக்கூடாது. சொல்லவும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை தவக்காலத்து மீன் விருந்து. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நீள மேஜையில் ஸ்விட்டாலா தம்பதிக்கு எதிரே என் தட்டோடு போய் உட்கார்ந்தேன்.

"எனக்குத் தெரிஞ்சவங்க ஒரு புருஷன் பொண்டாட்டி இருக்காங்க," என்றேன். "வேற ஊர். உங்களுக்குத் தெரியாது."

நார்பர்ட் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே, "சொல்லு, சொல்லு," என்றார். அடுத்தவர் கதை என்றால் அவருக்கு உயிர்.

சொன்னேன். அவனுக்கு நாலு கார்டு, அவளுக்கு ரெண்டு, அவனுடைய ஐநூறு, அவளுடைய முந்நூறு, ஒரே குடும்பப் பணம், ஒரே வீடு. சொல்லி முடித்துவிட்டு மீனைத் தின்னத் தொடங்கினேன். எதிரே இரண்டு முள்கரண்டிகளும் நின்றுவிட்டன.

தட்டைப் பார்த்தபடியே நார்பர்ட் கேட்டார்: "அந்தப் பொண்ணுக்கு எதுக்கு ரெண்டு கார்டு?"

டார்லீனும் தட்டைப் பார்த்தே பதில் சொன்னாள். "ஒண்ணு பல்லு வைத்தியத்துக்கு. இன்னொண்ணு, மக விவாகரத்து வக்கீலுக்கு. அப்பாகிட்டச் சொல்லாதேன்னு மக அழுதிருப்பா."

"அவன்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"படகு வாங்கறப்போ அந்த ஆளு அவகிட்டக் கேட்டானா?"

"படகு மட்டும் இல்ல. ஆலையில மூணு மாசம் சம்பளமில்லாம வீட்டுல உக்கார வெச்சாங்கல்ல, அப்ப வீட்டுச் செலவு பூரா கார்டுலதான் ஓடிச்சு. சேமிப்புலேர்ந்து எடுக்கறேன்னு பொண்டாட்டிகிட்டப் பொய் சொல்லிட்டான். பயப்படுவாளேன்னு."

"முட்டாப் பய."

"ஆமா. முட்டாப் பயதான்."

"அவளுந்தான்," என்றாள் டார்லீன். தன் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். மீனில் முள் என்று சொல்லிவிட்டு நான் தண்ணீர் குடித்தேன்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். நடுவில் யாரும் இல்லாமல் முதலில் வங்கியிடம் நீங்களே பேசிப் பாருங்கள் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு நார்பர்ட் பக்கம் தள்ளினேன்.

"யார் பேசறீங்க சார்?" என்றாள் வங்கிப் பெண்.

"எனக்கில்லம்மா. எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர்..."

"மன்னிக்கணும் சார். கணக்கு யார் பேர்ல இருக்கோ அவர்தான் பேசணும். மத்தவங்ககிட்ட எதுவும் சொல்ல மாட்டோம்."

நார்பர்ட் போனைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். டார்லீன் அவர் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்தாள்.

"நான்தாம்மா அவன்," என்றார்.

அன்றைக்கு ஒரு வங்கி வட்டியைக் குறைத்தது. இரண்டு வங்கிகள் யோசித்துச் சொல்கிறோம் என்றன. ஒன்று முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்றது. அந்த ஒன்றுக்கு மட்டும் கம்பெனியை அமர்த்தலாமா, படகை என்ன விலைக்கு விற்பது என்று இருவரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சத்தமாகத்தான். இரண்டு வீடு தள்ளி எனக்குக் கேட்கிறது.

நீங்கள் எப்படி? இதை இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். கம்பெனியின் நல்லது கெட்டது சொன்ன இடத்தில் கொஞ்சம் நிதானித்து, இரண்டாவது முறையும் படித்தீர்கள். உங்களுக்காக இல்லை, எனக்குத் தெரியாதா? யாரோ தெரிந்தவருக்காகத்தான். அவரிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். கூடவே, அவர் வீட்டில் இன்னொருவரும் இதே பக்கத்தை, வேறொரு தெரிந்தவருக்காக, அவருக்கு முன்பே படித்து முடித்திருக்கலாம் என்றும் சொல்லிவையுங்கள்.